விளக்கை முழுசாக அணைத்துவிட்டுப் படம் போடுங்கள்: பினாங்குத் திரையிடல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தமிழில் திரையிடல் நடத்தும் மன்றங்களுக்கும், வாசகர் வட்டங்களுக்கும், படம் முடிந்த பிறகு மாமாக் கடையில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்டு எழுதுகிறேன். ஒன்று, எனக்குப் பார்க்கப் படம் சொல்லுங்கள். இன்னொன்று, அப்படிச் சொல்லும் படங்களில் சிலவற்றையாவது நல்ல இருட்டான ஓர் அறையில் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நான் கேட்பது இடைக்காலத்து மாயக் கதைகள். கோட்டையும் காடும் மந்திரமும் உள்ளவை, இருளும் குளிரும் கனத்துக் கிடப்பவை.

எந்த மாதிரிப் படம் என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இதுவரை யாரிடம் கேட்டாலும் இரண்டு வகைப் பதில்தான் வருகிறது. இருட்டு என்று சொன்னதும் சிலர் பேய்ப்படங்களாக அடுக்குகிறார்கள். வாள், குதிரை, கோட்டை என்று சொன்னதும் சிலர் ஆயிரம் பேர் மோதும் போர்ப் படங்களைச் சொல்கிறார்கள். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் நான் தேடுவது அங்கே இல்லை. நான் தேடும் படத்தில் மந்திரம் சும்மா வராது. யாரோ ஒருவர் ஒரு வரம் கேட்பார், அல்லது ஒரு வாக்குக் கொடுப்பார், அல்லது ஓர் ஆட்டத்துக்குச் சம்மதிப்பார். அதற்கு ஒரு விலை இருக்கும். படம் அவசரப்படாமல், அந்த விலை வந்து சேரும் வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பின் நிறம்தான் இருட்டு.

டேவிட் லோவரி இயக்கிய 'தி கிரீன் நைட்' (2021) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை ஒன்றுதான் கதை. எழுதியவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும் அரண்மனைக்குள் மரமும் மனிதனும் கலந்த ஒரு பச்சை வீரன் குதிரையில் வருகிறான். யாராவது என்னை ஒரு வெட்டு வெட்டுங்கள், ஓர் ஆண்டு கழித்து அதே வெட்டை என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். தேவ் பட்டேல் நடித்த கவேன், இளரத்தம், ஒரே வெட்டில் தலையைத் துண்டாக்கிவிடுகிறான். வெட்டுப்பட்டவன் எழுந்து, தன் தலையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி போய்விடுகிறான். மீதிப் படம் முழுக்க அந்த ஓர் ஆண்டுக் கணக்குத்தான்.

அதில் ஒரு காட்சியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வழிப்பறிக்காரர்கள் கவேனைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காட்டுக்குள் தனியாகக் கிடக்கிறான். கேமரா அவனைவிட்டு மெல்ல விலகி, மரம் மரமாகக் காட்டைச் சுற்றி வருகிறது. வசனம் கிடையாது. சுற்றி முடித்து அவன் கிடந்த இடத்துக்குத் திரும்பினால் அங்கே கிடப்பது எலும்புக்கூடு. கட்டு அப்படியே இருக்கிறது, துணி மக்கியிருக்கிறது. அப்புறம் கேமரா வந்த வழியே திரும்பச் சுற்றுகிறது. மறுபடி அவன் உயிரோடு கிடக்கிறான், கட்டை அறுக்கப் பார்க்கிறான். இவ்வளவுதான். எதுவும் பாய்ந்து வந்து பயமுறுத்தவில்லை. ஒருவன் எழுந்திருக்காமல் போனால் காடு அதைப் பற்றிக் கவலைப்படாது என்பதை ஒரே சுற்றில் காட்டிவிட்டார்கள். இப்படி ஒரு காட்சி உள்ள படம் வேறு எது என்றுதான் நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே வந்த 'டிராகன்ஸ்லேயர்' (1981) படமும் எனக்கு உயிர். மாத்யூ ராபின்ஸ் இயக்கம். டிராகன் என்ற பறவைநாகத்துக்குப் பலி கொடுக்க ஊர்ப் பெண்களின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அரசன் தன் மகளின் பெயரை மட்டும் சீட்டில் சேர்க்காமலே காலத்தை ஓட்டுகிறான். பணக்காரன் காசு கொடுத்துத் தப்பிக்கிறான். ஏழை வீட்டுப் பெண் போகிறாள். இளவரசிக்கு உண்மை தெரிந்ததும் அடுத்த குலுக்கலில் எல்லாச் சீட்டிலும் தன் பெயரையே எழுதிப் போட்டுவிடுகிறாள். கடைசியில் அவளை யாராலும் காப்பாற்ற முடிவதில்லை. குட்டி நாகங்கள் அவள் உடலைக் கடித்துத் தின்பதைக் காட்டுகிறார்கள். குழந்தைகளோடு பார்க்கும் படம் என்று நம்பிப் போனவர்கள் அன்றைக்கு என்ன ஆனார்களோ தெரியவில்லை. எல்லாம் முடிந்து நாகம் செத்து விழுந்த பிறகு அரசன் வந்து இறங்கி, பிணத்தில் வாளைச் செருகி, நாகத்தைக் கொன்றவன் நானே என்று பேர் வாங்கிக்கொள்கிறான். இதைவிட அரசியல் தெரிந்த மாயக்கதையை நான் பார்த்ததில்லை. அந்த நாகத்தைக் கணினியில் செய்யவில்லை. பில் டிப்பெட் குழுவினர் பொம்மையாகச் செய்து, படம் பிடிக்கும் நொடியிலேயே அதை இம்மி இம்மியாக அசைத்து, அசைவில் ஒரு மங்கல் வரும்படி எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதற்குக் கிழட்டு மிருகத்தின் கனம் இருக்கிறது.

இங்மார் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' (1957) உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலுவைப்போரிலிருந்து ஊர் திரும்பும் வீரன், கொள்ளைநோய் பரவிய நாட்டில், தன்னைக் கூட்டிப்போக வந்த மரணத்தோடு சதுரங்கம் ஆடுகிறான். ஆட்டம் நடக்கும் வரை உயிர். சுவீடன் நாட்டுத் தேவாலயம் ஒன்றின் கூரையில், மரணம் ஒரு மனிதனோடு சதுரங்கம் ஆடும் பழைய ஓவியம் இருக்கிறது. பெர்க்மனுக்கு அதுதான் பொறி. இதை எத்தனையோ பேர் புகழ்ந்து எழுதிவிட்டார்கள், நான் நீட்டப் போவதில்லை. ஆனால் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையாளத்தில் ராகுல் சதாசிவன் இயக்கிய 'பிரமயுகம்' (2024).

17ஆம் நூற்றாண்டு மலபார். தப்பி ஓடிவரும் பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் பசியோடு ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். உள்ளே மம்மூட்டி, போற்றியாக, அதாவது அந்த மனையின் பிராமண எஜமானராக. சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார், அப்புறம் பகடை ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் பணம் இல்லை, அவனுடைய காலம். தோற்றால் அவன் வாழ்நாள் போற்றிக்குச் சொந்தம். ஐரோப்பாவில் சதுரங்கம், இங்கே பகடை. அங்கே வீரன் கேட்டு ஆடுகிறான், இங்கே பசித்தவனுக்கு வேறு வழியில்லை. சாதி தெரிந்த நமக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும். அந்தக் காலத்து மனையில் கீழ்ச்சாதிக்காரனைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு பெரிய மனிதர் சிரித்தால், அந்தச் சிரிப்புக்கே பயப்பட வேண்டும் என்பது நமக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயம் இல்லை. முழுப் படமும் கறுப்பு வெள்ளை. மழை, பாசி படிந்த முற்றம், ஒற்றை விளக்கு. இந்த இரண்டு படங்களையும் ஒரே வாரக் கடைசியில் அடுத்தடுத்துக் காட்டுங்கள் என்பது என் முதல் விண்ணப்பம். பேசுவதற்கு விடிய விடிய விஷயம் கிடைக்கும்.

வேறு சிலவற்றைப் பேர் சொல்லிக் கடந்துவிடுகிறேன், நீங்கள் மறுபடி இவற்றையே பரிந்துரைக்காமல் இருப்பதற்காக. ஜான் பூர்மனின் 'எக்ஸ்காலிபர்' (1981) பார்த்துவிட்டேன், கவசத்தில் பச்சை ஒளி வழியும் அந்தக் காடு மறக்காது. பிரான்டிசெக் விளாச்சிலின் 'மார்கெட்டா லாசரோவா' (1967) பார்த்துவிட்டேன். பனியும் ஓநாயும் உள்ள அந்தச் செக் படத்தில் மாயம் என்று எதுவும் நடப்பதில்லை, ஆனாலும் மாயக்கதை பார்த்த உணர்வுதான் மிஞ்சியது. அலெக்செய் கெர்மனின் 'ஹார்ட் டு பி எ காட்' (2013) பார்த்தேன். சேறு, சளி, மழை, மனிதக் கொடுமை என்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். மதிக்கிறேன், மறுபடி பார்க்க மாட்டேன்.

குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். கோட்டையை புஜி மலைச் சரிவில், எரிமலைக் கரிமண்ணில் கட்டினார், அங்கே மூடுபனி தானாக வரும் என்பதற்காக. காட்டில் குறி சொல்லும் ஆவியைச் சந்தித்துவிட்டு வரும் இரண்டு தளபதிகள் பனிக்குள் வழி தவறுகிறார்கள். நம்மை நோக்கிக் குதிரையில் வருகிறார்கள், திரும்புகிறார்கள், வெள்ளைக்குள் மறைகிறார்கள், மறுபடி வருகிறார்கள். வேறு இயக்குநராக இருந்தால் ஒருமுறை காட்டிவிட்டுக் கோட்டைக்குப் போயிருப்பார். குரோசாவா நம்மையும் தொலையவிடுகிறார். கடைசியில் நாயகனாக நடித்த மிஃபுனேயைச் சுற்றிப் பலகைகளில் வந்து குத்தும் அம்புகளில் பல நிஜ அம்புகள். அந்த முகத்தில் தெரியும் பயம் முழுக்க நடிப்பு என்று நான் நினைக்கவில்லை.

இங்கே வெயில் காலமும் மழைக் காலமும்தான், பனி எங்கே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வெப்ப நாட்டுக்காரிக்கு ஐரோப்பியக் குளிர் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இது நியாயமான கேள்வி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, இந்த வகைக் கதைக்கு நம் இடத்தைப் போல வாய்ப்பான இடம் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

பட்டர்வொர்த்திலிருந்து காடியை வடக்கே விட்டு, சுங்கைப்பட்டாணி தாண்டி மெர்போக் பக்கம் திரும்பினால் புஜாங் பள்ளத்தாக்கு. புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் அங்கே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்தில் ஓடை. 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்து தாக்கிய கடாரம் இந்தக் கெடாதான் என்பது நம் எல்லாருக்கும் பள்ளியிலேயே பெருமையாகச் சொல்லித் தந்த விஷயம். கப்பலில் வந்தவர்களின் பெருமையைப் பற்றி நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்த இரவில் கரையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆற்று முகத்தில் விளக்கில்லாத கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன, கோயில் பூசாரி அதைப் பார்க்கிறார், ஊருக்கு இன்னும் தெரியாது. இதற்குப் பனி எதற்கு? ஆற்றங்கரையின் விடிகாலைப் புகைமூட்டம் போதும்.

அதே கெடாவின் பழைய வரலாற்றுக் கதையான மேரோங் மகாவங்சாவில் கோரைப்பல் அரசன் வருகிறான். சமையல்காரி கீரை நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டு, ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கீரையில் விழுந்துவிடுகிறது. பயத்தில் அவள் சொல்லாமல் பரிமாறுகிறாள். இன்றைக்கு மட்டும் கீரை ஏன் இவ்வளவு ருசி என்று அரசன் கேட்கிறான். அங்கிருந்து தொடங்குகிறது. ரத்தத்துக்குப் பழகியவனுக்குக் கோரைப்பல் முளைக்கிறது, முதலில் கைதிகள், அப்புறம் குடிமக்கள். நம் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரச குடும்பத்துப் பிள்ளை, இந்தக் கதையை எழுதித்தான் ஜமில் சூலோங் இயக்கத்தில் 1968இல் 'ராஜா பெர்சியோங்' வந்தது. ஒரு பிரதமர் கதை எழுதிய ரத்தக்காட்டேரி அரசன் படம் வேறு எந்த நாட்டில் இருக்கிறது? நல்ல பிரதி எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த மடலை எழுதியதற்கு அது ஒன்று கிடைத்தாலே எனக்குப் போதும்.

குனோங் லேடாங் இளவரசியின் கதையும் அப்படித்தான். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு அனுப்பியபோது அவள் கேட்ட சீர்வரிசை: தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம், கடைசியாக சுல்தானின் சின்ன மகனுடைய ரத்தம் ஒரு கிண்ணம். 2004இல் சாவ் தியோங் ஹின் எடுத்த 'புத்ரி குனோங் லேடாங்' இதைக் காதல் கதையாக அழகாகச் சொன்னது. என் மனம் மட்டும் அந்தக் கிண்ணத்திலேயே நிற்கிறது. தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் கத்தியோடு தகப்பன் நிற்கும் அந்த ஓர் இரவை மட்டும் யாராவது முழுப் படமாக எடுத்தால் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன்.

எமிர் எஸ்வான் இயக்கிய 'ரோ' (2019) பார்க்காதவர்கள் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். நம் நாட்டிலிருந்து ஆஸ்காருக்கு அனுப்பப்பட்ட படம். காட்டுக்குள் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு குடிசை. மண் பூசிய ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். அடுத்த பௌர்ணமிக்குள் நீங்கள் எல்லாரும் செத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். காலம் எது என்று படம் சொல்வதில்லை. பெரிய செட் இல்லை, கூட்டம் இல்லை. இருந்தும் மேலே நான் சொன்ன ஐரோப்பியப் படங்களின் பக்கத்தில் தைரியமாக நிற்கும். நம் காட்டின் பச்சைக்குள் எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்பதை அதில்தான் பார்த்தேன்.

சரி, தமிழுக்கு வருகிறேன். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். முதல் பாதியின் சாகசத்துக்காக வந்தவர்களை இரண்டாம் பாதி திணறடித்தது. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் படம். 1279இல் தப்பிப் போன சோழர்களின் வாரிசுகள், கரி படிந்த உடம்போடு, குகை இருட்டில், தாய்நாட்டிலிருந்து தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். பாலில்லாத மார்பைப் பிழிந்தால் ரத்தம் வருகிறது. பார்த்திபன் ஏற்ற அந்த அரசன் ஒரு நேரம் குழந்தை, ஒரு நேரம் கொடுங்கோலன். பசி ஒரு ராஜ்ஜியத்தை என்ன செய்யும் என்று தமிழில் இப்படி யாரும் காட்டியதில்லை. அதற்குப் பிறகு நமக்கு வந்த அரசர் காலப் படங்களில் பந்தமும் பட்டும் வெளிச்சமும் கூடிக்கொண்டே போகின்றன. அந்த இருட்டுக் குகைப் பக்கம் பெரிய அளவில் யாரும் திரும்பிப் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம்மிடம் சரக்கு இல்லாமலா? 12ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைத் திறந்து பாருங்கள். குலோத்துங்கன் வென்றான், கருணாகரத் தொண்டைமான் படை நடத்தினான், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் போரை நமக்குச் சொல்வது யார்? காளியின் காட்டில் பசியோடு கிடக்கும் பேய்கள். எப்போது போர் வரும், எப்போது வயிறு நிறையும் என்று அவை காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துக்கு ஓடுகின்றன. விழுந்து கிடக்கும் யானையின் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. அப்புறம் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சி, கண் தெரியாத பேய், வாய் பேசாத பேய் என்று ஒன்றையும் விடாமல் பந்தி வைக்கிறார்கள். அரசனைப் புகழத்தான் இந்தப் பாட்டு. புகழ்ந்துகொண்டே, அவன் வெற்றியை யார் தின்றார்கள் என்றும் அவர் பாடிவைத்துவிட்டார். இதைவிட இருண்ட இடைக்கால மாயக்கதை உலகில் எந்த மொழியில் இருக்கிறது என்று நான் கேட்டால் அது மொழிப் பற்றினால் இல்லை, படித்ததினால்.

என் அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்துக்கு முன்னால் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில் 'பாதாள பைரவி' (1951) பார்த்ததை இன்றைக்கும் சொல்வார். எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதி சிரித்தபோது, திடலைச் சுற்றி நின்ற பால்மரக் காடும் சேர்ந்து சிரித்தது போல இருந்ததாம். படம் முடிந்து, லயத்துக் கோடியில் இருந்த முனியாண்டி கோயிலைத் தாண்டிப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லையாம். அந்தப் படம் இன்று எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஓடினால் யாருக்கும் பயம் வராது. விளக்கு எரிகிறது, கைப்பேசி அடிக்கிறது, அடுப்பில் சோறு. அம்மா பார்த்த படத்துக்கு இருட்டும் துணைநடிகராக இருந்திருக்கிறது.

இதனால்தான் இரண்டாவது உதவியைக் கேட்கிறேன். வீட்டில் பார்த்தால் இந்தப் படங்கள் பாதி செத்துவிடுகின்றன. இணையத்தில் சாதாரணத் தரத்தில் வரும் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். பகல் காட்சிக்கு அது தாராளம். கறுப்பிலிருந்து மெல்லச் சாம்பலாகும் மூடுபனிக்கு அதில் கிடைப்பது கொஞ்சமே. போதாததற்கு, அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும்போது இருட்டுப் பகுதிதான் முதலில் அடிவாங்குகிறது. பனி இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் நிற்கும். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் அந்த இரவுப் போர் வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகமே புகார் செய்தது ஞாபகம் இருக்கும். எடுத்த விதத்திலும் குறை இருந்திருக்கலாம். ஆனால் கூசும் விளக்குக்குக் கீழே பார்த்தவர்களுக்கு எந்த இருட்டும் இருட்டாகத் தெரியாது.

ஒரு மண்டபத்தில் நடந்த திரையிடலுக்குப் போயிருந்தேன். ஏற்பாட்டாளர்கள் அன்பானவர்கள், நல்ல படம் வேறு. பாதுகாப்புக்கு என்று பின்வரிசை விளக்குகளை எரியவிட்டார்கள். சன்னலில் மெல்லிய திரை, வெளியே தெருவிளக்கு. கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. காட்டுக்குள் கதாநாயகி எதையோ பார்த்துத் திடுக்கிடும் காட்சியில், அவள் எதைப் பார்த்தாள் என்பது மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது திரையில் விழுந்த எங்கள் தலைகளின் நிழல்தான்.

ஆகவே, செலவில்லாத சில விஷயங்களைக் கேட்கிறேன். சன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி. அவசர வழிக்கான விளக்கு எரியட்டும், மற்றது எல்லாம் அணையட்டும். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்கள் ஒரு ஓரமாக நின்று, வெளிச்சமான காட்சி வரும்போது உட்காரட்டும். இடைவேளை வேண்டாம். வேண்டும் என்றால் படத்துக்கு முன்னால் தேநீர். படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு, மைக்கைப் பிடித்து, நன்றியுரை சொல்ல வேண்டாம். கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை விட்டுவிடுங்கள். பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் அனுமதி தேவை, 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. படத்தின் உரிமையாளரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பதால்தான் இப்போதே கேட்டுவைக்கிறேன். கடிதம் தட்டச்சு செய்வது, பாரம் நிரப்புவது போன்ற வேலைகளை என்னிடம் கொடுங்கள், செய்கிறேன்.

பரிந்துரை சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலாக 50 பெயர் அனுப்ப வேண்டாம். உங்களைத் தூங்கவிடாத ஒரே ஒரு படம் போதும். அதில் யார் எதைக் கேட்டார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம். மொழி எதுவானாலும் சரி, தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ வரிமொழி இருந்தால் பார்த்துக்கொள்வேன். தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்துப் படங்கள் எனக்கு அதிகம் தெரியாது, அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. மலாய், சீன நண்பர்களோடு படம் பார்க்கிறவர்கள் அவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள். வயதான அண்ணன்மார், அக்காமார், தோட்டத்துத் திடலில் பார்த்துப் பயந்த படம் ஏதாவது இருந்தால் பேர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, காட்சியைச் சொல்லுங்கள், தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

தொடக்கத்துக்கு 'ரோ' வையுங்கள் என்பது என் யோசனை. நம் நாட்டுப் படம், நீளமும் குறைவு, வருகிறவர்களுக்குப் பழகிய காடு. அடுத்து 'பிரமயுகம்', அதற்கு மறுநாள் பெர்க்மன். இந்த மூன்றுக்கும் வரவேற்பு எப்படி என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். 'ஆயிரத்தில் ஒருவன்' போடும் நாளில் கலிங்கத்துப்பரணியின் களம் பாடிய பகுதியை வாய்விட்டுப் படிக்க யாராவது தமிழாசிரியர் முன்வந்தால், படத்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேதி முடிவானதும் ஒரு வரி தட்டிவிடுங்கள். துணி கட்ட ஏணி மட்டும் அங்கே இருந்தால் போதும், மற்றதை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு ரசிகை